வாசலில் கட்டாத வேப்பிலை

1953 மே 20, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போலப் போக்குக் காட்டிவிட்டு மேகமெல்லாம் கடல் பக்கம் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள். முடிக்க வேண்டியது: நிக்கர் 31, சட்டை 40, பாவாடை 17. காஜா எடுக்க ஆளில்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு வேண்டும் என்பது இந்தக் கொட்டாரம் ஊர் ஜனத்துக்கு வருஷத்தில் இந்த ஒரு வாரம்தான் ஞாபகம் வரும். ஏசினேன், மனசுக்குள். முன்னறையில் தையல்கடை, பின்னறையில் வீடு. என் பெண்டாட்டி பகவதி காதில் விழுந்தால் "வாற ஆளையும் விரட்டுங்க" என்பாள்.

என் மகள் வடிவுக்கும் ஒரு பாவாடை, ஜம்பர். ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும். நீளம் 22, மார்பு 23. அளவெடுக்க நிறுத்தினால் ஒற்றைக் காலில் நிற்கிறாள். தூக்கிப் பார்த்தால் வலது உள்ளங்காலில் சீழ். முள் குத்தி நாலு நாளாம்.

"ஏட்டி, ஏன் சொல்லல்ல?"

"நீங்க ஏசுவியன்னு."

ஆறு வயசில் இத்தனை அழுத்தம். யாரைக் கொண்டு பிறந்ததோ. நெற்றி சுடுகிறது.

மே 21, வியாழன்

டிஸ்பென்சரியில் டாக்டர் காலைக் கீறிச் சீழ் எடுத்தார். பென்சிலின் ஊசி. இன்று, நாளை, நாளை மறுநாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், "எனக்க பிள்ளைக்குப் பென்சிலினாக்கும்." வடிவு அழவில்லை. அழாமலிருக்கக் காலி நூல்கட்டை ஒன்று லஞ்சம். அதை உருட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

மே 23, சனி

மூன்றாம் ஊசி. கால் வற்றிவிட்டது, காய்ச்சல் இல்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளை முதுகைச் சுவரில் தேய்க்கிறாள். ஜம்பரைத் தூக்கிப் பார்த்தால் முதுகு, வயிறு எல்லாம் தடிப்பு. கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல. கொஞ்ச நேரத்தில் உதடும் இமையும் வீங்கி ஆளே மாறிப்போனாள். பகவதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மை வந்திருக்கா. இனி ஊசி மருந்துன்னு ஒண்ணும் பேசப்பிடாது."

"முத்தைக் காணோமே?"

"நாளைக்குப் போடும். அம்மைய ஏசாதுங்க."

வேப்பிலை ஒடித்து வந்தாள். வாசலில் கட்டப் போனவளைத் தடுத்தது நான். கட்டினால் நாளை ஒருத்தனும் படி ஏறமாட்டான். கொடுத்த துணியையும் திருப்பிக் கேட்பான். சுகாதார இன்ஸ்பெக்டர் வேறு வந்து நிற்பார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வேப்பிலையை உள்ளே பாயடியில் போட்டோம்.

மே 24, ஞாயிறு

தடிப்பு பாதி அமர்ந்துவிட்டது. முத்து ஒன்றுகூட இல்லை. இது என்ன அம்மை? கேட்டால் பகவதி அழுகிறாள். விட்டுவிட்டேன்.

அம்மை இறங்கும்வரை தாளிப்பு கிடையாது. வெறும் புளித்தண்ணீர். சோறு இறங்கவில்லை, ஏசினேன்.

வடிவுக்குப் பாடம் நடத்தினேன். அம்மை வந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

"டாக்டர் கேட்டா?"

"அவருட்டயும் சொல்லப்பிடாது."

"சாமி கேட்டா?"

"சாமிக்குத் தெரியும், கேக்காது."

உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவளும் வைத்தாள். பெரிய விளையாட்டாகிவிட்டது. மிஷினிலிருந்து நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் விரல் உதட்டுக்குப் போகிறது.

மே 26, செவ்வாய்

சாரல். நிக்கர் பாக்கி 9. குழம்பில் கடுகு மணம். தலைக்குத் தண்ணீர் விடுவது நாளைக்குத்தான். இரண்டு தடவை சோறு வாங்கி உண்டேன்.

மே 27, புதன்

பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. உடம்பில் ஒரு தடமும் இல்லை. யாருக்கும் தெரியாது. தப்பித்தோம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

நோட்டில் எழுதி இரண்டு மாதத்துக்கு மேல். வேலை. ஓணத்துக்கு இரண்டு வாரம், துணி மலையாகக் கிடக்கிறது. வடிவுக்கு நேற்றிலிருந்து தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, கஞ்சி இறங்கவில்லை. மிளகுக் கஷாயம் கேட்கவில்லை. நாளைக் காலையில் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

வடிவு போய்விட்டாள். காலை பத்தரை.

ஆகஸ்ட் 10, திங்கள்

எழுதாவிட்டால் நானே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மழை. பகவதி ஈரக்குடையுடன் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பெஞ்சில் நாலு பேர். மூன்று பேருடைய ஓணத்துணி என் கடையில். டாக்டர் தொண்டையைப் பார்த்தார். பென்சிலின் போட்டால் இரண்டு நாளில் சரியாகும் என்றார். ஊசியைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டார்.

"முன்ன காலுக்குப் போட்டமே, அதுக்குப் பிறகு உடம்பில தடிப்பு, சொறிச்சல் ஏதாவது உண்டுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

வடிவு என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். சிரித்தாள். நான் தலையாட்டினேன், கெட்டிக்காரி என்று.

ஊசி போட்டார். பருத்திப் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே "அப்பா, தண்ணி" என்றாள். மூச்சு இழுத்தது. முகம் வீங்கியது, மே மாதம் வீங்கினது போலவேதான், ஆனால் கண் மூடித் திறப்பதற்குள். டாக்டர் வேறு ஊசி போட்டார், நெஞ்சைப் பிடித்து அழுத்தினார், கம்பவுண்டர் விசிறினான். என் பிள்ளையின் உடம்பு என் மடியில் கனத்துக்கொண்டே போனது.

தோப்பு மூலையில் அடக்கினோம். பள்ளிக்கூடத்துக்குத் தைத்த அதே பாவாடை. மடிப்பு விட்டுத்தான் தைத்திருந்தேன், இரண்டு வருஷம் இறக்கிக்கொள்ளலாம் என்று.

ஆகஸ்ட் 13, வியாழன்

வெயில். மிஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கக் கை வரவில்லை. எழுந்துவிட்டேன்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு, டாக்டர் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார் என்று. டிஸ்பென்சரிப் பெஞ்சு காலி. பகவதியின் தம்பி வந்தான். "அத்தான், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த ஆள ஊர விட்டே ஓட்டிருவோம்." நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டரே வந்தார். நடந்தே. உள்ளே வரவில்லை, படியில் நின்றார். சவரம் செய்து நாளாகியிருக்கும். சில உடம்புக்கு இந்த மருந்து ஆகாதாம். முதல் தடவை தடிப்பாகக் காட்டுமாம். மறுபடி போட்டால் சில பேருக்கு ஆளையே கொண்டுபோய்விடுமாம். "அதுக்காகத்தான் கேட்டேன்" என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லும். ஏதாவது உண்டுமா? எனக்கு அறியணும். இனி வாற பிள்ளையளுக்காகக் கேக்கேன்."

இந்தத் தடவை பெஞ்சில் யாரும் இல்லை. துணி போகும் என்ற பயம் இல்லை. வடிவும் இல்லை. இருந்தும் "ஒண்ணும் இல்ல" என்றுதான் என் வாய் சொன்னது. அவர் போனபிறகு நோட்டில் மே மாதத்தைத் திருப்பினேன். 'முத்து ஒன்றுகூட இல்லை. இது என்ன அம்மை?' என் கையெழுத்துத்தான். தெரிந்திருக்கிறது எனக்கு. பாவி.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பகவதி அடுப்பில் கடுகு போடுவதில்லை. சோறும் உப்பும்தான் தின்கிறாள். அதுவும் நாலு வாய். கேட்டதற்கு இன்று சொன்னாள்.

"தலைக்குத் தண்ணி விடதுக்கு முந்தின நாள் நான் தாளிச்சேன். நீங்க ஏசுகியன்னு. அம்ம அத மனசில வச்சுக்கிட்டா. எனக்க கையாலதான் எனக்க பிள்ள போச்சு."

அதெல்லாம் இல்லை என்றேன். பின்ன என்ன என்றாள். எழுந்து கடைக்குப் போனேன். இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றவன் நான்.

ஆகஸ்ட் 17, திங்கள்

துணி கேட்டு நாலு பேர். ஓணம் வந்துவிட்டது, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் சொல்கிறார், "மெதுவாத் தாங்க அண்ணாச்சி, புதுத்துணி இல்லன்னா எனக்க பிள்ளதான் சங்கடப்படும்." மெதுவா. தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

நூல்கட்டை மிஷினுக்கு அடியில் கிடந்தது. எடுத்து இழுப்பறையில் போட்டேன். பகவதி எடுத்து மறுபடி மிஷினுக்கு அடியிலேயே போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மதியம் நல்ல மழை. பகவதி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் கேட்டது, நான் சொன்னது, பெஞ்சில் இருந்தவர்கள், பிள்ளை விரல் வைத்தது. படியில் வைத்து இரண்டாம் தடவை பொய் சொன்னதும். அவள் கை நிற்கவே இல்லை. கல், நெல், கல்.

"கேட்டேன்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். வாசல்லதானே நின்னேன். டாக்டர் கேட்டதும் காதில விழுந்தது, நீங்க சொன்னதும் விழுந்தது. நான் ஓடி வந்து சொல்லியிருக்கலாம். நானும் பேசாமத்தான் நின்னேன்."

நான் முறத்தின் விளிம்பைப் பிடித்தேன்.

"பின்ன எதுக்குக் கடுகு, கடுகுன்னு?"

"கடுகு எனக்கு மட்டும் உள்ள குத்தம். நான் ஒருத்தியே சுமந்துக்கிடுவேன். இது நம்ம ரெண்டு பேருக்கும் உள்ளதுல்லா. இத எடுத்து நடுவில வச்சா பெறவு நாம எப்பிடி ஒரு வீட்டில இருப்போம்?"

அழுதேன். கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் அவள் முன்னால் முதல் தடவை. அவள் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19, புதன்

மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் டிஸ்பென்சரிக்குப் போனோம். பகவதிதான் முன்னால் நடந்தாள்.

பெஞ்சில் ஒரு பெண் மட்டும், தொடையில் கட்டி வந்த பையனை மடியில் வைத்துக்கொண்டு. இராஜாக்கமங்கலத்துக்காரி, டாக்டரைப் பற்றி இங்கே நடக்கிற பேச்சு அவளுக்குத் தெரியாது. அடுத்த பெஞ்சில் கம்பவுண்டரும் பேப்பர் படிக்கிற ஒருவரும்.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். தடிப்பு, உதடு, இமை, எந்த நாள், எந்த நேரம். இந்த நோட்டையே காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் படித்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஊராரிடம் நானே சொல்கிறேன் என்றேன். "சொல்லும். எனக்காகச் சொல்லாண்டாம்" என்றார்.

வெளியே வந்தால் பகவதி அந்தப் பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"முன்ன எப்பமாவது பிள்ளைக்கு பென்சிலின் ஊசி போட்டுருக்கா மக்கா?"

"ஒருக்க."

"பெறவு மேலெல்லாம் தடிச்சுதா? சொறிஞ்சுதா?"

அந்தப் பெண் கம்பவுண்டரைப் பார்த்தாள். பேப்பர்காரரைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

பகவதி தன் முந்தானையை இழுத்து அவள் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

"எனக்க காதில சொல்லு."