மடத்து வாசலில் நீ கழற்றிய பூட்ஸ்

ரங்கூன்,
1926 செப்டம்பர் 14

என் கண்ணே செசிலியா,

அகாலத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள். உன் பெரியப்பா பத்து மணிக்குத்தான் எழுந்து போனார், தபால் கப்பலோ விடிந்ததும் புறப்படுகிறது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போய்வருகிறேன், மழைதான் இன்னும் விடவில்லை. நீ அந்த மலையில் சுகமாயிருக்கிறாய் என்று மறுபடி உன் கையெழுத்தில் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தேன், அதுதான் நான் செய்த பிசகு. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு அம்மை குத்தப் போனதையும், உதிருகிற மண்பாறை உச்சியில் கோட்டையும் புத்த மடமும் ஒன்றாய் நிற்பதையும், அங்கிருந்து பார்த்தால் இரண்டு ஆறுகள் கூடுமிடம் நூல் முடிச்சுப்போலத் தெரிவதையும், முன்னே ஆட்களைச் சிறைவைத்த நிலவறைக்கு மேலேயே லாமாக்கள் ஜெபம் சொல்வதையும் படித்தபோது பெரியப்பாகூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, சந்நிதி வாசலில் உன்னோடு வந்த மிஷன்காரர்கள் பூட்ஸோடு வெளியே நிற்க, நீ மட்டும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன வரி வந்தது. அதைப் பார்த்துத்தான் மூத்த லாமா முற்றத்தைத் திறந்து நாற்பத்துமூன்று பிள்ளைகளை அம்மை குத்த வரிசையில் நிறுத்தினார் என்கிற அடுத்த வரி ஒருவர் காதிலும் ஏறவில்லை. விக்கிரகத்தை வணங்கியது குற்றம், மன்னிக்கவேண்டும் என்று உங்கள் ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய துரைசாணி எழுதிவைத்திருக்கும் தாளில் அக்டோபர் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் நர்ஸ் வேலை போய்விடும் என்பதையும் நானே என் வாயால் படித்துத் தொலைத்தேன்.

இன்று பெரியப்பா வந்து, கையெழுத்துப் போடச் சொல்லி உனக்கு எழுது என்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். “புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா தெரேசா? லாமா கோவில்ல செருப்பக் கழட்டினவள நம்ம சபையில எவன் கட்டுவான்?” என்றார். நான் சொன்னேன், “அத்தான், ஞாயித்துக்கிழமை உங்க செருப்பு எங்க கிடக்கு? நம்ம கோவில் வாசல்லதானே. இங்க கழட்டினா மரியாதை, அங்க கழட்டினா பாவமா?” அவர் எழுந்துவிட்டார். காலேஜில் படிக்கவைத்தது தப்பாய்ப்போயிற்று என்று, அது என்னையா உன்னையா என்று தெரியாதபடி சொல்லிவிட்டு, குடையை மறந்து மழையில் இறங்கிப் போனார். நான் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை, அதற்கு மட்டும் நாளைக்கு மன்னிப்புக் கேட்பேன். கீழ்வீட்டுப் பர்மாக்காரி டோ தின்னுக்கு விஷயமே விளங்கவில்லை, செருப்போடு போனதற்குத்தான் உன்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். பகோடாவுக்குள் பூட்ஸோடு போகலாமா என்று இந்த ஊரில் நடந்த சண்டையெல்லாம் நீயும் பார்த்து வளர்ந்தவள்தானே.

நீ கையெழுத்துப் போடாதே. நீ யாரையும் வணங்கவில்லை, வணங்கினதாக எழுதிக்கொடுத்தால் அது பொய். உன் அப்பா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் படித்தபோதும் இதே சபைதான் பேசிற்று, இன்று அவர்கள் பிள்ளைகள் என்னிடம்தான் படிக்கிறார்கள். துரைசாணிக்கு இன்று காலையே இங்கிலீஷில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் ஒரு வார்த்தைகூடக் குனியவில்லை. உன்னைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ அங்கேயே இருந்து மிச்சப் பிள்ளைகளுக்கும் அம்மை குத்தவேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன். மீறி அனுப்பினால் பனி கணவாயை அடைக்குமுன் இறங்கிவிடு, கோவேறு கழுதைக்காரரோடு தனியாக வராதே, பெண்கள் இருக்கிற கூட்டம் பார்த்துச் சேர்ந்து வா. இதை எழுதவே எனக்கு மனமில்லை, ஆனாலும் எழுதினதை அடிக்கமாட்டேன்.

அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நின்றாயே, பாதம் வெடித்திருக்கிறதா? ராத்திரி நெய் தடவிக் காலுறை போட்டுக்கொள். வெயிலுக்கு முகத்தில் பூச டோ தின் தனாக்கா கட்டை ஒன்று கொடுத்திருக்கிறாள், பார்சலில் வருகிறது. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. என்ன முடிவு செய்தாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அன்புள்ள அம்மா,
தெரேசா