நீ போட்ட விளம்பரமும் அப்பா ஓட்டும் படகும்

மரக்காணம் குப்பம்
18.4.2012

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி ஷாலினியும் சுகம், பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். அப்பா உடம்புக்கும் ஒன்றுமில்லை, புத்திக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. போனில் சொல்ல வந்தால் அவர் பிடுங்கிக்கொள்கிறார், நீயும் உன் விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையே பேசுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ நெட்டில் போட்ட விளம்பரத்தை நான் குறை சொல்லவில்லை. தானே புயலுக்கு அப்புறம் ஈ காக்கை வராத கரைக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் காரில் வந்து இறங்குகிறார்கள். அதில் அப்பா கையை ஆட்டிப் புயலுக்கு டாட்டா காட்டுவதும், புயல் போயிடுச்சி நீங்க வாங்க என்று சிரிப்பதும் எல்லாருக்கும் பிடித்துப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சித்ரா மீன் வறுத்து விற்கிறாள், உன்னை வாழ்த்தாத நாளில்லை. ஆனால் விளம்பரத்தின் கடைசியில் நம் படகு உப்பங்கழியிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கடலில் குதித்துப் போகிறதே, அது நீ முந்தின வருஷப் பொங்கலுக்கு எடுத்த படம். புயல் மணலை வாரிக் கொட்டி முகத்துவாரமே மாறிக் கிடக்கிறது, எங்கே ஆழம் எங்கே மேடு என்று யாருக்கும் பிடிபடவில்லை. படகுச் சவாரி கழிக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லியாகிவிட்டது. வருகிறவர்களோ செல்போனில் உன் படத்தைக் காட்டி இதே மாதிரி போக வேண்டும் என்கிறார்கள். மற்ற படகுக்காரர்கள் முடியாது என்றுவிடுகிறார்கள், உன் அப்பா சொல்வாரா? கேட்டால், "எம்புள்ள போட்டத நானே பொய்யின்னு சொல்லிக்கினு திரியட்டுமா" என்று எரிந்து விழுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார், அந்தப் பெண் மடியில் கைக்குழந்தை. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், முகத்துவாரத்தில் படகு மணலில் தட்டிச் சாய்ந்தது, அடுத்த அலை உள்ளேயே அடித்தது. அப்பா குதித்துத் தோள் கொடுத்துத் தள்ளித் திருப்பிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி போய்க் காரில் ஏறினாள். வீங்கின தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை.

அந்தக் கடைசிப் படத்தை எடுத்துவிடு. கழியில் வந்து இறங்கும் பறவைகளைப் போடு, சித்ரா மீன் வறுப்பதைப் போடு, சனங்கள் அதற்கும் வருவார்கள். எடுத்துவிட்டேன் என்று நீயே அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னால் எடுபடாது. இல்லையென்றால் வரும் ஞாயிற்றுக்கிழமை நான் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். நம் வீட்டுப் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை, உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் அதைத் தொட்டுக் கும்பிட்டதோடு சரி. எனக்கு நீச்சலும் தெரியாது. என்னை வைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போவாரா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை. மயிலம் முருகன் உன் கூடவே இருக்கட்டும், நீ நூறு வயசுக்கு நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் அப்பாவுக்குப் போன் பண்ணு. பண்ணாவிட்டால் மறுநாள் காலையில் உன் அம்மா எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
குப்பம்மாள் சிங்காரம்