அழியாத அட்டை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு நாளாய் நீ போனை எடுக்கவில்லை. அத்தான் எடுத்து, "அவ தூங்குறா" என்கிறார். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் ஸ்கேன் படங்களைப் பார்த்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் படத்தில் மூளையில் ரத்தக்கசிவு பட்டாணி அளவு. ஆறு மணி நேரம் கழித்து எலுமிச்சம்பழ அளவு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு வந்தால், முதலில் அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசி போட வேண்டும். இது எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஆறு மணி நேரம் அங்கே அப்பாவைப் பார்த்த பெண் டாக்டர் என்ன வெட்டி முறித்தாள்? இன்று அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை. அவள் மேல் புகார் எழுதி அனுப்பிவிட்டேன். அவள் வேலை போகாமல் விடமாட்டேன்.

அப்பாவின் மாத்திரை விவரமெல்லாம் நான் எழுதிக் கொடுத்த அட்டையைக் காட்டினாயா, இல்லையா? பக்கத்திலேயே இருந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்? அதை உடனே அனுப்பு. புகாரோடு வைக்க வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நான் தூங்கவில்லை. உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன் என்றுதான் போனை எடுக்கவில்லை.

அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டினேன். "என் தம்பி டாக்டர், எல்லாம் இதுல எழுதியிருக்கான்" என்று பெருமை வேறு. அந்தப் பெண் அதிலிருந்த மாத்திரைக்கு உரிய ரத்தப் பரிசோதனையைச் செய்தாள். ரத்தம் சரியாக உறைகிறது, முறிக்க ஒன்றுமில்லை என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? அப்பா அந்த மாத்திரையை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

மாதாமாதம் ரத்தம் எடுப்பது எதற்கு என்று போனிலேயே புது மாத்திரைக்கு மாற்றியவன் நீ. அதுவும் ரத்தம் உறையாமல் இருக்கத்தான், ஆனால் அதன் வேகம் பழைய பரிசோதனையில் தெரியாதாம். அன்றே அட்டையைத் திருத்தப் பார்த்தேன். தண்ணீர் பட்டாலும் அழியாது என்று நீ அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தாய். பேனா வழுக்கியது. ஒரு சீட்டில் எழுதி மேலே ஒட்டி, உனக்குப் படம் அனுப்பினேன். "உன் கோழிக்கிறுக்கல யாரு படிப்பா? கிழிச்சுப் போடு, புது அட்டை அனுப்புறேன்" என்றாய். கிழித்தேன். புது அட்டை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது ஸ்கேன் வந்ததும் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்தாள். "அட்டைய விடுங்கம்மா. இன்னைக்குக் காலையில உங்க கையால என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்றாள். பையிலிருந்த மாத்திரைப் பாக்கெட்டைக் காட்டினேன். அரை மணியில் சரியான ஊசி ஏறியது. அப்பா உயிரோடு இருப்பது அதனால்தான். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று அவளே சொல்லி அழுதாள். எனக்கும்தான் வாய் இருந்தது. தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், உன் எழுத்தை நம்பி வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதியது யார் என்று கேட்டால் சொல்லு.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அட்டை கிடைத்தது. புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டேன். காரணம் கேட்டார்கள். குடும்பத்தார் தவறான தகவல் கொடுத்துவிட்டதாக எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? என் பெயரைப் போட்டால் இங்கே நான் தலைகாட்ட முடியாது. உனக்கு அதனால் ஒன்றும் குறையாது. இதோடு விட்டுவிடுவோம். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. குடும்பத்தார் என்றால் யார்? அப்பாவா, நானா?

உன் இரண்டு கடிதங்களையும் அந்தப் பெண் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அவள் மேலிடத்தில் காட்டிக்கொள்ளட்டும். அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, என்னையே எழுதச் சொல்லி இடது கையால் என் பேனாவைக் காட்டினார்.

புது அட்டையை என் கோழிக்கிறுக்கலிலேயே எழுதி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உறை போடவில்லை. மாத்திரை மாறினால் அடித்து எழுத வேண்டும். பழைய அட்டையில் அவசரத்துக்குக் கூப்பிட உன் நம்பர் இருந்தது. இதில் அந்தப் பெண் டாக்டரின் நம்பரை எழுதியிருக்கிறேன்.

அக்கா