ஊரடங்கில் ஸ்டார்ட் ஆகாத வான்

நோன்பு 11, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. முற்றமெல்லாம் மணல் பறக்கிறது. வானின் முன் சீட்டைத் தூக்கி, எஞ்சினைச் சுற்றிப் பழைய சாரத் துணி கட்டி மறைத்துத்தான் வேலை.

மெக்கானிக் சுனில் பாஸ் காலையிலேயே மதுரங்குளியிலிருந்து வந்துவிட்டார். எஞ்சினைக் குறியில் நிறுத்தினார். முதலில் பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரைக் கழற்றும் வேலை, அது எனக்கு. கழற்ற முன் உள்ளே சுற்றும் ரோட்டரின் முனை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்: கிப்லாப் பக்கம். எங்களுக்கு எதற்கும் இரண்டு பக்கம்தான், தொழும் திசையான கிப்லாப் பக்கம், அதற்கு எதிரே களப்புப் பக்கம். மனைவி நஸீரா குசினியில் உப்புப் போத்தல் இருக்கும் இடத்தைக்கூட அப்படித்தான் சொல்வாள்.

பிறகு தேய்ந்த கேம்ஷாப்ட் வெளியே, பாஸ் தேடிப் பிடித்தது உள்ளே. செயினைப் புள்ளிக்குப் புள்ளி பார்த்து மாட்டி மூடினார். டிஸ்ரிபியூட்டரைத் திரும்பப் போட்டு வயர்களைக் கொழுவினால் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டிலிருந்து போன். தெற்கே இரண்டு ஊரில் முஸ்லிம் கடைகள் எரிகின்றனவாம், ஊரடங்கு போடப் போகிறார்களாம். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மோட்டார் சைக்கிளில் ஏறினார். மிச்சத்தை நீங்களே போடுங்கள், பிடிக்காவிட்டால் எனக்குப் போன் எடுங்கள் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு: ஊரடங்கு உறுதி. நாளை பாடசாலை இல்லை, ஆகவே எனக்கும் ஓட்டமில்லை. ஒழுங்கையில் ஆண்கள் கூடிக் கூடிக் கதை. யாரும் 'ஓடுவது' என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் என் வானில். இந்த ஒழுங்கைக்கே அது ஒன்றுதான்.

நஸீராவின் தம்பி ரியாஸ் ஒரு யோசனை சொன்னான். வான் வளவுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது. அவசரமென்றால் பின்னால் எடுத்துத் திருப்ப நேரமில்லை, இப்போதே றோட்டைப் பார்த்துத் திருப்பி வைப்போம் என்றான். கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளினோம். மணலில் புதைந்தது. கேட்காமலே அயல் வீட்டுப் பெண்களும் வந்து தள்ளினார்கள். பக்கத்து வீட்டு ராத்தா, சித்தி என்று பெயர், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாக. தள்ளி முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார், ஓடுமா தம்பி என்று. நாளைக்கு ஓடும் என்றேன். நான் சொன்னதை நானே நம்பினேன்.

நோன்பு 12, செவ்வாய்

காற்றில்லை. அதுவும் பிடிக்கவில்லை. தூரத்தில் ஏதும் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போகிறது.

விடிய, சுபஹுக்குப் பிறகு டிஸ்ரிபியூட்டரைப் போட்டேன். ரோட்டர் கிப்லாப் பக்கம். வயர் வரிசை 1-3-4-2. பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருப்பினேன். நன்றாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. திரும்பவும். டப் என்று காபரேட்டர் வழியாக நெருப்பைத் துப்பியது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ரியாஸின் இமைமயிர் கருகிவிட்டது. வேறு நாளென்றால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்போம்.

பார்த்தவை:
பிளக் நான்கும் கழற்றித் துடைத்தது. நெருப்பு வருகிறது.
பெற்றோல் வருகிறது.
வயர் வரிசை சரி. இரண்டு தரம். நஸீராவும் ஒரு தரம் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்த்தாள்.
காபரேட்டரைக் கழற்றி ஊதினேன். நோன்போடு பெற்றோல் வாய்க்குள் போயிற்றோ என்று ஒரு பயம். இருக்கிற பயத்தில் அதுவும் ஒன்று.

திரும்பவும் நெருப்பைத்தான் துப்பியது. அந்த டப் சத்தத்துக்கு ஒவ்வொரு தரமும் ஒழுங்கையில் கதவு திறக்கிறது. வெடி என்று நினைக்கிறார்கள். மதியம் லுஹருக்குப் பிறகு, சத்தம் போடாமல் திருத்த ஏலாதா என்று பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்து கேட்டார்.

செயின் பிழையாக ஏறியிருந்தால் வால்வு வளைந்திருக்கும், எஞ்சின் முடிந்தது. பாஸ் பிழை விடக்கூடியவர் அல்லர். அவசரத்தில் விட்டிருப்பாரோ. சிங்களவர்தானே, வேண்டுமென்றே? சே. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நினைத்தது உண்மை. பத்து வருடமாக என் வானுக்குக் கை வைத்த ஒரே மனிதர்.

நஸீரா பை கட்டியாயிற்று: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் இழுப்பு மருந்து, பால்மா, ஒரு பாண். தொண்ணூறில் மன்னாரை விட்டு எங்களைத் துரத்தியபோது உம்மா கட்டிய பையில் எங்கள் வீட்டுத் திறப்பு இருந்தது, தண்ணீர் இல்லை. மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கும்வரை நான் தண்ணீர் தண்ணீர் என்று அழுதேனாம். எனக்கு நினைவிருப்பது படகு எஞ்சின் நின்றுபோனதும், பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதை நிறுத்தியதும்தான். இன்றைக்குத் திறப்பைத் திருப்பும் ஒவ்வொரு தரமும் அந்த அமைதி வருகிறது.

ரியாஸுக்கு யாரோ போனில் சொன்னார்களாம், லொறிகளில் ஆட்கள் வருகிறார்களென்று. எங்கிருந்து, எத்தனை லொறி, யார் கண்டது? ஒன்றும் தெரியாது. பொய்யாக இருக்கலாம்.

நோன்பு 13, புதன்

மந்தாரம். ஒரு துளி இல்லை.

பற்றரி செத்துவிட்டது. ரியாஸ் கடற்கரையால் பள்ளிவாசல்துறைக்கு நடந்து போய், தெரிந்த மீன்காரரின் படகுப் பற்றரியைத் தோளில் தூக்கி வந்தான். சட்டையெல்லாம் அசிட். றோட்டால் போகப் பயமாம். பற்றரியை மாற்றினேன். கறகறவென்று சுற்றி, பழையபடி டப்.

பின்னேரம் பாஸுக்குப் போன் எடுத்தேன். நேற்றே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, பயம். அவர் எடுக்கமாட்டாரோ என்று ஒரு பயம், எடுத்தால் குரல் வேறாக இருக்குமோ என்று இன்னொன்று. முதல் மணியிலேயே எடுத்தார். வான் பிடிக்கவில்லை, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்ற வேண்டும், அவசரம் என்றேன்.

"நாளைக்கு இஸ்கோல் இல்லையே, நானா."

என் பொய் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது, அதை யாரோ நிறுத்தினார்கள். பிறகு மெதுவாக, டிஸ்ரிபியூட்டரைப் போடும்போது ரோட்டர் எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டார். கிப்லாப் பக்கம்தான், கழற்றினபடியே போட்டேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே. டிரைவர் பக்கமா, மத்தப் பக்கமா?"

கிப்லா எந்தப் பக்கம் வருகிறதென்று பார்த்து, டிரைவர் பக்கம் என்றேன். அன்றைக்கு மற்றப் பக்கம் பார்த்ததுதான் தனக்கு நினைவு என்றார். இல்லையே, கிப்லாப் பக்கம்தானே என்று திரும்பவும் சொல்ல வந்தேன். அப்போதுதான் விளங்கியது. திங்கட்கிழமை வான் வளவைப் பார்த்து நின்றது. இப்போது றோட்டைப் பார்த்து நிற்கிறது. வானைத் திருப்பினோம், கிப்லா அங்கேயேதான் இருக்கிறது. ரோட்டர் அரைச் சுற்றுப் பிழை. பிளக் நெருப்பு நேரம் தவறி அடித்து, மேலால் வெடித்திருக்கிறது. வால்வு வளையவில்லை, செயின் சரி, பாஸ் சரி. ஓடுவதற்காக வானைத் திருப்பியதாலேயே அது ஓடாமல் கிடந்திருக்கிறது.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கி அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள் என்றார். போனை வைக்கப் போகும்போது, கவனமா இருங்க நானா, புள்ளையையும் பார்த்துக்கொள்ளுங்க என்றார். நேற்று நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்க முடித்தேன். திறப்பைத் திருப்பினேன். ஒரே பிடி. சத்தம் தெளிவாக, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி. ரியாஸ் என்னைக் கட்டிப்பிடித்தான். நஸீரா உள்ளே கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததை நான் யோசிக்கவே இல்லை. சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. பைகளோடு வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பாதிப் பேர் செருப்பில்லாமல். கேள்வி இல்லை, கதை இல்லை, கதவை இழுத்து ஏறுகிறார்கள். ஒன்றுமில்லை, சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், இறங்குங்கள் என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. முன் சீட்டில் சித்தி ராத்தா, மடியில் இரண்டு பேரப்பிள்ளைகள்.

"எனக்கும் தெரியும் தம்பி, ஒண்டும் நடக்கல்ல. அண்டைக்கு மன்னாரிலயும் ஒண்டும் நடக்கல்லண்டுதான் நாங்க வீட்டுல இருந்த."

அதற்கு மேல் நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. பாங்கு சொன்னார்கள். வானுக்குள்ளேயே பேரீச்சம்பழமும் தண்ணீரும் கை மாறிப் போயின. எனக்கும் ஒன்று வந்தது.

டிரைவர் சீட்டிலிருந்து எழுதுகிறேன். எஞ்சின் ஓடுகிறது. நிறுத்தினால் திரும்பப் பிடிக்காதோ என்று பயம், ஓடவிட்டால் பெற்றோல் முடிந்துவிடுமென்று பயம், ஊரடங்கில் எந்தப் பெற்றோல் செட்டும் திறக்காது. நஸீரா பையோடும் மகளோடும் யன்னலுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே அவர்களுக்கு இடமில்லை. நிறுத்தவா என்று அவளிடம் கேட்டேன்.

"நிப்பாட்டாதீங்க" என்றாள்.

பெற்றோல் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.