கழுத்தளவு வெந்நீர்

ஹூசாவிக்,
அக்டோபர் 12.

அன்பு மகள் சோல்வேய்,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நியூசிலாந்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த முறை உண்மையாகவே சுகம் என்று எழுதுகிறேன், போன வருடம் எழுதியதெல்லாம் பொய். கோபப்படாமல் படி.

தோள் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் மரத்துப்போகக் கழுத்தில் ஊசி போட்டார்களே, அதில் மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அடிபட்டு, அதன் வலது பக்கம் அசையாமல் நின்றுவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். அதைவிடக் கொடுமை, ஊரே கூடிக் கதை பேசும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் நெஞ்சுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே மூச்சு நின்றுவிடும்போல இருக்கும். அதனால் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் துறைமுகச் சுவரை உயர்த்த வேண்டாம் என்று நண்பன் ஓட்டரோடு சண்டை போட்டிருந்தேன், நான் முறுக்கிக்கொண்டேன் என்று தொட்டியில் இருந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். நோயாளி என்று பரிதாபப்படுவதைவிட வீம்புக்காரன் என்று திட்டட்டுமே. பாவம் ஓட்டர், கருவாட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்து, “சரிப்பா, நீ சொன்னதுதான் சரி, தண்ணிக்குள்ள வா” என்று கெஞ்சினான். உண்மையில் அவன் சொன்னதுதான் சரி.

பிறகு ஸ்வீடன் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கழுத்தில் ஒட்டுப்போட்டார்கள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம், பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். “பிள்ளகிட்ட சொல்லிடுங்க” என்று அம்மா தினமும் நச்சரித்தாள், நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று நான்தான் தடுத்தேன். பதினோரு மாதம் ஒரு அசைவும் இல்லை. பயந்துபோனேன், ஒளிக்காமல் சொல்கிறேன். போன செவ்வாய் ஸ்கேனில் வலது பக்கம் அசைந்தது, அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நேரே குளத்துக்குப் போய்க் கழுத்தளவு இறங்கினேன். மூச்சு வந்தது. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். ஓட்டர் பதறிப்போய், “ஐயோ, சுவரே வேணாம்பா, அழாத” என்றான். விஷயத்தைச் சொன்னதும் கருவாட்டைத் திருப்பிக் கேட்கிறான்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, நீ ஃபோன் செய்தபோதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்தேனே, அப்பாவுக்கு என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்று அவளிடம் அழுதாயாம். பேச மூச்சு இல்லையடி, கண்ணே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே.

உன் அப்பா,
ஈங்வர்