பத்துக் கிலோ அரிசியின் நிறை

கண்ணை மூடினால் முன்னுக்கு வந்து நிற்கும் என் நஸீராவுக்கு,

நீ மௌத்தான பிறகு, நம் மகள் அஸ்மா விஞ்ஞான வீட்டுவேலை செய்யும்போது பக்கத்தில் நான்தான் இருக்கிறேன். நீ இருந்த காலத்தில் மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் போனும் நானுமாகக் கிடப்பேன். நீயும் மகளும் விசை, அமுக்கம், மூலகம் என்று கதைப்பது காதில் விழும். ஒரு நாளாவது எட்டிப் பார்த்தேனா?

இப்போது பார்க்கிறேன். பார்த்துத்தான் கெடுத்தேன்.

போன மாதம் ஒரு கேள்வி. பத்துக் கிலோகிராம் திணிவுள்ள அரிசிப் பையின் நிறை என்ன? மகள் நூறு நியூட்டன் என்று எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நியூட்டனாவது கீட்டனாவது! பத்துக் கிலோ அரிசிட நிறை பத்துக் கிலோதான். அழி மகள்."

"இல்ல வாப்பா. திணிவு வேற, நிறை வேற. பைக்குள்ள இருக்கிற பொருளின்ட அளவுதான் திணிவு. அதப் பூமி இழுக்கிற விசைதான் நிறை எண்டு உம்மா சொல்லித் தந்தவ."

"கல்முனை பஜாரில இத்தின வருஷமா அரிசி நிறுத்து விக்கிறன். எனக்கா நிறை தெரியா?"

குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளை அழித்துவிட்டுப் பத்துக் கிலோ என்று எழுதினாள்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டா. "உங்கட மகள் கெட்டிக்காரி. போன மாசம் குடுத்த திணிவு, நிறைப் பயிற்சிய வச்சித்தான் வினாவிடைப் போட்டிக்குப் புள்ளைகள எடுத்தன். லேசான அரிசிக் கேள்வியில போய் பிழை விட்டிருக்கா, அதால எடுக்க ஏலாமப் போயிட்டு. ஏன் எண்டு கேட்டா, அவசரத்தில எழுதிட்டன் எண்டுறா."

சுற்றிவர ஆட்கள். 'நான்தான் அழிக்கச் சொன்னேன்' என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. "இனிக் கவனமாச் செய்வா டீச்சர்" என்றேன். பழியைப் பிள்ளையின் தலையிலேயே போட்டுவிட்டு வந்தேன் நஸீரா. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் மகள் என்ட பேரச் சொல்லல்ல?"

குனிந்துகொண்டே சொன்னாள். "சொன்னா நீங்க வெக்கப்பட்டு என்னோட இருக்க வரமாட்டீங்க எண்டு பயந்தன் வாப்பா. உம்மாவும் இல்ல. தனிய இருந்து படிக்க ஏலா."

எங்கே முகத்தை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று இரசாயனம். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டைச் சமப்படுத்த வேண்டுமாம். "எனக்கு இது தெரியா மகள். எனக்கும் சொல்லித் தா" என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, "இஞ்ச ஒட்சிசன் ரெண்டு, அங்க ஒண்டுதான் இருக்கு. இப்ப என்ன செய்யோணும், சொல்லுங்க பாப்பம்" என்றாள். அப்படியே உன் குரல். நீ உயிரோடு இருக்கும்போது நான் ஏன் உன்னிடம் இப்படி ஒன்றும் கேட்கவில்லை?

நாளைக்குக் கடை திறக்க முதல் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பிழை என்னுடையது என்று டீச்சரிடம் சொல்வேன். வகுப்புக்கு முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். போட்டியில் இடம் கிடைக்குமோ தெரியாது. ஆனால் எனக்காகச் சொன்ன பொய்யை அவள் இனியும் சுமக்க விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளிடம் படிக்கத் தொடங்கியிருக்கும்,
அஸ்மாவின் வாப்பா