தள்ளுவண்டிச் சக்கரமும் என் வலது தோளும்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா மூவரும் சுகம். அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றுதான் சுகமில்லாமல் இருந்தது, அதையும் போன வியாழக்கிழமை பிடுங்கியாயிற்று. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் ‘நல்லாத்தாம்மா இருக்கேன்’ என்பாய், அந்தக் குரலை வைத்தே நீ எவ்வளவு நல்லா இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். போனில் சொல்லாமல் என்ன கடிதம் என்று நினைக்காதே. போனில் சொன்னால் பாதியில் நான் அழுவேன், மீதியில் நீ ‘பஸ் வந்துடுச்சும்மா’ என்று வைத்துவிடுவாய். கூரியரில் போடுகிறேன், புதன்கிழமை உன் கையில் இருக்கும். கோச்சுக்கு நீ பதில் சொல்லவேண்டியது வெள்ளிக்கிழமை. நடுவில் முழுசாக ஒரு வியாழக்கிழமை இருக்கிறது.

முதலில் வீட்டுச் சங்கதி. அக்காவுக்கு மருந்துக்கடையில் காலை ஷிப்ட் கிடைத்துவிட்டது, இப்போது வீட்டில் சூரியனுக்கு முன்னால் எழுந்து எல்லோரையும் அதட்டுவது அவள்தான். அப்பா பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பழைய லிப்டைக் கழற்றிப் புதிது மாட்டுகிறார். பல் பிடுங்கிய அன்றும் வேலைக்குப் போனார், வாயில் பஞ்சு இருந்ததால் அன்றைக்கு ஒருநாள் நிம்மதியாக வேலை நடந்தது என்று கூட இருப்பவர்கள் சொன்னார்களாம். மாடி வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நம் குளியலறைக் கூரையில் அந்தக் கறை இப்போது கதவு வரைக்கும் வந்துவிட்டது. உன் அறையில் ஒன்றையும் மாற்றவில்லை. இஸ்திரி மேஜையை மட்டும் அங்கே போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. ஐஸ் ஹாக்கியில் ஒன்பது ஆட்டமாக, நடுவர் இரண்டு பேருக்கு நடுவில் அந்த ரப்பர் வட்டை, பக்கைப் போடும்போது, அதை முதலில் தட்டிப் பறிக்க முடியாமல் தோற்றுக்கொண்டே இருக்கிறாய், பத்தில் மூன்றுகூட எடுக்க முடியவில்லை, அதனால் கோச் உன்னைச் சென்டரிலிருந்து எடுத்து ஓரத்தில் ஆட வைக்கப் போகிறார், கேப்டன் பொறுப்பையும் வேறு ஒருத்திக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார், வெள்ளிக்குள் உன் சம்மதத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘விடும்மா, ஓரத்துல ஆடினா என்ன, நடுவுல ஆடினா என்ன’ என்றாய். அந்த ‘விடும்மா’தான் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வயதில் முழங்கை பிசகி வீங்கியபோதுகூட விடாதவள் நீ. பதினைந்து வயதில் நம் ஊர் அணிக்கு உன்னைக் கேப்டன் ஆக்கினார்களே, நீ நன்றாக ஆடினாய் என்பதற்காகவா? அப்போது உன்னைவிட நன்றாக ஆடியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஏழு கோல் வாங்கிய கோல்கீப்பர் பெண் உடை மாற்றும் அறையை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டபோது, நீதான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கால் கவசத்தின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே பேசினாய். அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். உன் சட்டையில் கேப்டன் என்று காட்டும் அந்த எழுத்தை, நான் வேலை பார்க்கும் லாண்டரியின் தையல் மெஷினில் நான்தான் தைத்தேன், கோணலாகப் போய் இரண்டு தரம் பிரித்தேன். ஆட்டம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வருஷத்தில் பத்துக்கு ஏழு பக் உன்னுடையது, பக்கத்து ஊர்க்காரர்கள் உன்னைத் தடுக்க என்றே தனியாக ஒருத்தியை நிறுத்தினார்கள். அப்படிப்பட்டவள் பெரிய ஊருக்குப் போனதும் ஒரே வருஷத்தில் எப்படி மறந்துபோவாள்? எனக்குக் கணக்கு உதைத்தது.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நீ பனிக்கட்டித் தரையையும் குறை சொல்லவில்லை, மட்டையையும் குறை சொல்லவில்லை, உன்னையே குறை சொன்னாய். அதனால்தான் நான் தேட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அப்பாவை உட்கார வைத்து, நீ அனுப்பிய ஆட்டங்களை எல்லாம் டிவியில் போடச் சொன்னேன். கோல் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், நடுவர் பக்கைப் போடும் இடத்தை மட்டும் காட்டுங்கள், மெதுவாக ஓட்டுங்கள் என்றேன். ‘ஏண்டி, லிப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியா நிறுத்தச் சொல்றியே’ என்று முணுமுணுத்தார், ஆனால் நிறுத்தினார். இருபது, முப்பது தடவை பார்த்திருப்போம். எதிரில் நிற்பவளின் ஹெல்மெட் கீழே குனிந்து நடுவரின் கையைப் பார்க்கிறது. உன் ஹெல்மெட் மட்டும் ஒரு சாண் மேலே தூக்கி இருக்கிறது. இவள் எதைப் பார்க்கிறாள், நடுவரின் காதையா என்று அப்பா கேட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ தோளைப் பார்க்கிறாய். என் தோளை.

லாண்டரிக்குப் பின்னால் இருக்கும் நடை ஞாபகம் இருக்கிறதா, நனைந்த சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் விரிப்புகள் ஏற்றிய தள்ளுவண்டிகள். பள்ளி விட்டு வந்து என் ஷிப்ட் முடியும்வரை நீ அங்கேதான் இருப்பாய். கழன்று விழுந்த வண்டிச் சக்கரத்தின் ரப்பரை நான் மேலிருந்து போடுவேன், நீயும் என்னோடு வேலை பார்க்கும் ட்ரையர் அக்காவும் ஆளுக்கு ஒரு துடைப்பக்கட்டையோடு எதிரும் புதிருமாக நிற்பீர்கள். பாவம், உலர்த்தும் மெஷினோடு மல்லுக்கட்டி வந்த அவள் ஒரு தரம்கூட ஜெயித்ததில்லை. நீ ஏன் ஜெயித்தாய் தெரியுமா? கையைத் திறக்கும் முன் என் வலது தோள் ஒரு தடவை எகிறும். ஒருநாள் நீ கேட்டாய், ஏம்மா உன் தோள் குதிக்குது என்று. அது ஸ்டைல்டி என்றேன். ஸ்டைலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துணி தேய்க்கும் பிரஸ் மெஷினின் கைப்பிடியை நாளெல்லாம் இழுத்து இழுத்து வந்த வலி. கையை நீட்டினால் சுள்ளென்று இழுக்கும், தோள் தானாக எகிறும். நம் ஊர் நடுவர்கள் இருவரும் கையை வீசிப் பக்கைப் போடுகிறவர்கள், அவர்களுக்கும் தோள் முன்னால் அசையும், அதனால் அங்கே உன் வித்தை பலித்தது. நீ இருக்கும் இடத்தில் நடுவர்கள் தோளை அசைப்பதே இல்லை, இரண்டு விரலைத் திறக்கிறார்கள், அவ்வளவுதான். வராத ஒன்றுக்காகக் காத்திருந்து நீ பிந்திப் போகிறாய்.

இது என் கற்பனை என்று நினைப்பாய். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ட்ரையர் அக்காவையும், புதிதாகச் சேர்ந்த மடிப்பு மேஜைக்காரியையும் அதே நடையில் நிறுத்தினேன். ட்ரையர் அக்காவிடம் தோளைப் பார் என்றேன், மற்றவளிடம் கையைப் பார் என்றேன். வலது கையால் போட்டேன், பத்தில் எட்டு ட்ரையர் அக்காவுக்கு. இத்தனை வருஷத்தில் முதல் தடவை ஜெயிக்கிறாள், துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு வலியில்லாத இடது கையால், விரலை மட்டும் திறந்து போட்டேன். பத்தில் இரண்டுதான் வந்தது. உன் கணக்கேதான். பிறகு அவளையும் கையைப் பார்க்கச் சொன்னேன், முழங்கால் வலியோடு ஐம்பத்திரண்டு வயதுக்காரி பத்தில் ஐந்து எடுத்தாள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து, ‘உங்களுக்கெல்லாம் வயசு திரும்புதா’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அன்று அழுகை வந்தது உண்மை. உன் கையை வெட்டிவிட்டேனோ என்று இருந்தது. ஆனால் அழுதால் வெள்ளிக்கிழமை தள்ளிப் போகுமா? ஆகையால் நான் சொல்வதைக் கேள். கோச்சிடம் சம்மதம் என்று சொல்லாதே. காரணம் தெரிந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரம் என்னைச் சென்டரிலேயே விடுங்கள், முடியாவிட்டால் நானே ஓரத்துக்குப் போகிறேன் என்று நேராக நின்று கேள். கேப்டன் பொறுப்பைப் பற்றி வாயைத் திறக்காதே, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பயிற்சிக்கு முன் ஐம்பது, பின் ஐம்பது, யாரையாவது விரலால் மட்டும் போடச் சொல். கட்டைவிரலையே பார். முதல் வாரம் இப்போதைவிட மோசமாகத் தோற்பாய், பழகிய கண் அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்காது. இறங்கும்வரை விடாதே. கோச் மாட்டேன் என்றால் ஓரத்தில் ஆடிக்கொண்டே நூறும் எடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸைப் பைக்குள் சுருட்டி வைக்காதே.

பார்சலில் அந்தச் சக்கர ரப்பர் இருக்கிறது, இத்தனை நாள் ட்ரையர் அக்கா தன் அலமாரியில் வைத்திருந்தாள். டாக்டர் சொல்லி என்னைப் பிரஸ்ஸிலிருந்து மடிப்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு மாதம் ஆகிறது, உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அப்பா உன்னைத் தைரியமாக இருக்கச் சொன்னார், அக்கா முத்தம் அனுப்புகிறாள். நீ நினைத்த இடத்தில் நின்று நினைத்ததைச் செய்து நூறு வயது இருக்க வேண்டும். பக் போடும்போது மட்டும் என்னை நினைக்காதே. நடுவரின் கையைப் பார். என் தோளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னை விட்டுக்கொடுக்காத,
அம்மா